கூலிப் பட்டியல்

ஹார்ஸ் மலைச்சரிவில்
ஸ்ப்ரூஸ் மரங்கள் எல்லாவற்றுக்கும் ஒரே வயது.
இரண்டு மீட்டருக்கு ஒன்று,
கயிறு பிடித்து நட்டவை.
அடியில் புல்லுக்கும் வெளிச்சம் கிடையாது.

மூன்று கோடை மழை பொய்த்தது.
அரிசி நீளம்கூட இல்லாத வண்டு ஒன்று
பட்டைக்கு உள்ளே
கணக்குப்பிள்ளைபோலக் கிறுக்கிக்கொண்டே போனது.
முதல் மரத்தில் படித்த பாடமே
மலை முழுக்கப் போதுமாயிருந்தது அதற்கு.

மிச்சம் சாம்பல் நிறக் குச்சிகள்.
நாற்பது நொடிக்கு ஒன்று சாய்க்கலாம் என்கிறான்
அறுவை இயந்திரம் ஓட்டும் ஃபோல்க்மார்.
"அப்பா நட்டது" என்றும் சொல்கிறான்,
இயந்திரத்தை நிறுத்தாமல்.

வனக்காவலர் கெசினே
கம்பத்தின்மேல் மரத்தட்டு ஒன்றை அறைந்து
ஓக் கொட்டைகளைக் கொட்டி வைத்தாள்.
தோளில் நீலக்கோடு போட்ட ஜே பறவை வந்து
தொண்டைக்குள் ஆறேழை அடக்கிக்கொண்டு பறந்தது.
குளிர்காலத்துக்கென்று மண்ணில் புதைக்கும்.
பாதியை மறந்துவிடும்.
அந்த மறதிதான் இவ்வருட நடவு.

அலுவலகப் படிவம் விடவில்லை:
நட்டவர் பெயர்? வரிசைகள் எத்தனை? கூலி?
முதலிரண்டுக்கும் கோடு இழுத்தாள்.
கூலி என்ற கட்டத்தில் மட்டும்
'முன்பணமாகவே தின்றாயிற்று' என்று எழுதி
கையெழுத்துப் போட்டாள்.

மே மாதம்,
செத்த மரங்களின் காலடியில்
கோணல்மாணலாய் ஓக் முளைகள்.
அழைக்காமலே வந்திருந்தன பிர்ச்சும் ரோவனும்.
ஒரு முளை
ஃபோல்க்மாரின் சக்கரத் தடத்திலேயே,
இரண்டு இலையோடு.

பதினெட்டு டன் வண்டியை
ஒடித்துத் திருப்பிக்கொண்டு போனான்.
யாரிடமும் சொல்லவில்லை.
தடம் வளைந்திருப்பதைக்
கெசினேதான் பார்த்தாள்.