இருநூற்றுப் பன்னிரண்டு பனியன்கள்

செல்லூரில் அச்சடிக்கக் கொடுத்தபோதே
ஒச்சப்பன் அண்ணன் கேட்டார்:
"கறுப்பா? கட்சிக்கா, மாலை போடவா?"
பேண்டுக்கு என்றேன்.
"கல்யாண பேண்டுக்கு எதுக்குத் தம்பி கொம்பு?"

கொள்ளிவாய்க்குக் கொம்பில்லாமல் எப்படி?
ஐந்து பேர், ஐந்து முகமூடி.
பாடகன் மண்ணெண்ணெய் வைத்துத் தீ துப்புவான்.
டிரம்ஸ்காரன் பாடையில் வருவான்,
நாலு பேர் தூக்க, சங்கு ஊத,
முதல் அடிக்கு எழுந்து உட்காருவான்.
தமுக்கத்தில் அவர்கள் ஆடிய ராத்திரி
என் இடது புருவம் பொசுங்கியது.
முன்வரிசையில் நின்றதற்கு அத்தாட்சியாக
இன்னும் பாதிதான் முளைத்திருக்கிறது.

நாலு வருஷம் கழித்துப் புது ஆல்பம்,
வெள்ளி இரவு பன்னிரண்டுக்கு.
அரசரடியில், சாத்திய மருந்துக்கடை முன்னால்,
சீனிமைதீன் ஆட்டோவின் ஸ்பீக்கரைச் சுற்றி
முப்பது பேர். பாதி முகங்களில் சாம்பல்.
மரிய ஸ்டெல்லா டியூட்டி மாற்றிக்கொண்டு
நர்ஸ் உடுப்போடு, தலையில் கொம்போடு.

முதலில் அட்டைப்படம் வந்தது.
ஐந்து பேர். முகமூடி இல்லை.
பாடகனுக்கு வழுக்கை.
டிரம்ஸ்காரன் எங்கள் பேங்க் கேஷியர் மாதிரி இருந்தான்.
ஆல்பத்தின் பெயர்: சோப்பு.

"வேற யாரோடதையோ போட்டுட்டியா?" என்று
சீனிமைதீனைப் பிடித்துக்கொண்டாய்ங்க.
அவன் திரையை எல்லோர் மூக்குக்கும் நேராக
ஒரு சுற்றுக் காட்டினான்.

முதல் பாட்டில் கித்தார் வரவே இல்லை.
இரண்டாவதில் வந்தது,
லேட்டாக வந்த பையன் வகுப்புக்குள் நுழைவதுபோல.
மூன்றாவது, வீட்டு வாடகை பற்றி ஆறு நிமிஷம்.

துளசிராம் காறித் துப்பினான்:
"வாடகை பாட எங்க ஹவுஸ் ஓனர் போதாதா?
செத்தவன் எந்திரிக்கிறதக் கேக்க வந்தேன்டா நான்."
ஸ்டெல்லா கொம்பைக் கழற்றி மடியில் வைத்தாள்.
"செத்தவன் எந்திரிக்க மாட்டான்.
தினம் பாக்குறேன்.
வார்டுல மூணு மணிக்கு முழிச்சிருக்கவன் குரல்தான் இது.
பேசாம கேளு."

இரண்டு மணிக்குப் பரோட்டாக் கடையிலும் அதே சண்டை.
வித்துட்டாய்ங்க என்றான் ஒருத்தன்.
வாங்க ஆளே இல்லையே, யார்ட்ட வித்தாய்ங்க என்றான் இன்னொருத்தன்.
மாஸ்டர் கரண்டியை நிறுத்திவிட்டு
ஐந்தாவது பாட்டை முழுசாகக் கேட்டார்.
"யாருப்பா இது? நல்லாருக்கே."
அதுதான் துளசிராமுக்குத் தாங்கவில்லை.
சால்னாவை அப்படியே விட்டுவிட்டு எழுந்து போனான்.

எனக்கு அப்போது கணக்குத்தான் ஓடியது:
இருநூற்றுப் பன்னிரண்டு பனியன்,
ஒவ்வொன்றிலும் இரண்டு கொம்பு,
வட்டிக்கு வாங்கிய பணம்.

சனிக்கிழமை ஷட்டரைத் தூக்கும்போதே துளசிராம் நின்றான்.
ஒன்பது வாங்கினான்.
"இதான் கொள்ளிவாய். இனிமே வர்றது வேற."
மத்தியானம் ஸ்டெல்லா. ஒன்றே ஒன்று.
திரைக்குப் பின்னால் போய் மாட்டிக்கொண்டு வந்தாள்,
உள்பக்கம் வெளியே.
தையல் தெரிந்தது, கழுத்துச் சீட்டு தெரிந்தது,
துணியின் முதுகில் கொம்பு
ஆறிய தழும்பு மாதிரி லேசாக.

புதன்கிழமைக்குள் ஊரில் இரண்டு கட்சி.
சிம்மக்கல் பஸ் ஸ்டாப்பில்
நேராகப் போட்டவனும் திருப்பிப் போட்டவனும்
ஒருத்தனை ஒருத்தன் பார்க்காமல் நின்றார்கள்.
இரண்டு பேருக்கும் விற்றவன் நான்.
வட்டி கட்டினேன்.
ஒச்சப்பன் அண்ணன் இன்னும் நூறு அடிக்கவா என்கிறார்.

எனக்கென்று ஒன்று எடுத்து வைத்திருக்கிறேன்.
காலையில் கையில் எடுத்து, எந்தப் பக்கம் என்று தெரியாமல்
கோடு போட்ட சட்டையைப் போட்டுக்கொண்டு போகிறேன்.
எனக்குப் பிடித்திருக்கிறதா என்று
இதுவரை யாரும் கேட்கவில்லை, நல்லவேளை.

நேற்று கடையைச் சாத்திவிட்டு
ஹெட்போனில் கடைசிப் பாட்டு.
முடிந்த பிறகும் ஓடிக்கொண்டிருக்கிறது, வெறும் மூச்சாக.
அப்புறம் யாரோ ஒரு தீக்குச்சி உரசுகிறார்கள்.
எதையும் கொளுத்துகிற சத்தம் இல்லை.
எரிகிறது,
எரிகிறது,
ஊதி அணைக்கிறார்கள்.

என் இடது புருவம் அரித்தது.