குறிப்புகள் என்ற கட்டம்

ரானுவாவில் ஜனவரி.
பனி தள்ளும் லாரியில்
எனக்கு இது பதினோராவது குளிர்காலம்.

இரவு இரண்டுக்குக் கிளம்பினால்
எண்பத்து நான்கு கிலோமீட்டர்.
தள்ளிக்கொண்டே போவேன்.
திரும்பி வருகையில்
போன தடமே இருக்காது.
விழலுக்கு இறைத்த நீர் என்பார்களே,
எனக்கு அந்த நீரும் உறைந்தே வாய்த்தது.

அன்று ரீக்காவுக்கும் மருத்துவமனையில் இரவு வேலை.
வருவதாகச் சொன்ன பக்கத்து வீட்டுப் பெண்
காய்ச்சலில் படுத்துவிட்டாள்.
ஹெல்காவைப் போர்வையோடு தூக்கி
பக்கத்து இருக்கையில் பெல்ட் மாட்டினேன்.
ஐந்து வயது.
விதிமுறையில் இதற்கு இடமில்லை.

கொஞ்ச தூரம் ஒன்றும் பேசவில்லை.
விளக்கு வெளிச்சத்தில் பனி
எங்களை நோக்கியே விழுந்துகொண்டிருந்தது.
அப்புறம் கேட்டாள்:
"இது யாருக்கு?"

எது?

"இந்த ரோடு."

நகராட்சிக்கு என்றேன்.
"நகராட்சி இதுல எங்க போகும்?"

யோசிக்க வேண்டியிருந்தது.
பால் லாரி போகும் என்றேன்.
ஏரிக்கு அப்பால் தனியாக இருக்கும் ஆர்வோவுக்கு
ஆக்ஸிஜன் சிலிண்டர் போகும்.
"அம்மா?"
ஏழரைக்கு வருவாள், இதே வழிதான்.
"அப்போ அம்மா ரோடு வந்தா சொல்லு.
அதை மட்டும் நல்லாத் தள்ளணும்."

எல்லாம் ஒரே ரோடுதான் என்று
சொல்ல வாயெடுத்தேன்.
சொல்லவில்லை.
தகட்டை இன்னும் ஒரு விரல்கடை இறக்கினேன்.

ஏரி வளைவில் வண்டியைத் திருப்பினால்
வந்த தடம் பாதி மூடிக் கிடக்கிறது.
வழக்கமாக அங்கே வரும் கெட்ட வார்த்தை
பல்லுக்குப் பின்னால் வந்து நின்றது.
அதற்குள் அவள் கைதட்டினாள்:
"ஐ, இன்னும் இருக்கு!"

இன்னும் இருக்கு.
பதினோரு வருடமாக நானும்
இதையேதான் சொல்லிவந்திருக்கிறேன்,
வேறு குரலில்.

முப்பதாவது பலகை தாண்டியதும் ஒரு நரி.
சாலை நடுவே உட்கார்ந்து
முன்காலை நக்கிக்கொண்டிருந்தது.
ஹாரனில் கைவைத்தேன்.
"வேணாம்ப்பா, அது வேலையா இருக்கு."

நான்கு நிமிடம்.
எஞ்சின் உறும உறும நாங்கள் காத்திருந்தோம்.
நரி முடித்தது, எழுந்தது, காட்டுக்குள் போனது.
எங்களை ஏறிட்டும் பார்க்கவில்லை.

"நாளைக்கு நானே தள்"
என்றவள் அந்தச் சொல் பாதியிலேயே தூங்கிப்போனாள்.
முடிக்காமல் விட்ட கவலை
முகத்தில் எங்குமில்லை.
நானோ தூக்கத்திலும் பல்லைக் கடிக்கிறேனாம்,
ரீக்கா சொல்வாள்.

காலையில் படிவம்.
தூரம், எரிபொருள், வெப்பநிலை.
கடைசியில் குறிப்புகள் என்றொரு கட்டம்,
இதுவரை என் பேனா படாதது.
எழுதினேன்:
நரி. நான்கு நிமிடம்.

வாசலில் ரீக்காவின் கார்த்தடம் வந்து முடிந்திருந்தது.
அதன்மேலும் பனி விழத் தொடங்கியிருந்தது.

மத்தியானம் மேற்பார்வையாளர் ரைமோ கூப்பிட்டார்:
"என்ன இது? வண்டியில் பழுதா?"
இல்லை, என்றேன்.
அதற்கும் வேலை இருந்தது.

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.
பிறகு கேட்டார்:
"எந்தப் பக்கம் போச்சு?"