சுவர் நிறத்தில் ஒரு கதவு

டார்கெட் முடித்ததற்குக்
குழாய்க் கம்பெனி கொடுத்த பரிசு:
இரண்டு பேருக்கு, மூன்று ராத்திரி, கப்பல்.
காவேரிப்பட்டணத்தில் கடையைச் சாத்தி
ஷட்டரில் சீட்டு ஒட்டினேன்:
‘கடலுக்குப் போயிருக்கிறோம். திங்கள் திறக்கும்.’
யாரோ கீழே எழுதியிருந்தார்கள்:
‘வரும்போது நெத்திலி ஒரு கிலோ.’

துறைமுகத்தில் அதைக் கப்பல் என்றே நம்பவில்லை.
கிருஷ்ணகிரி மலைக்கு வெள்ளையடித்து
ஜன்னல் வைத்தது போல நின்றது.
இந்திராணி கையில் எலுமிச்சம்பழம்.
மூன்று நாளும் அவள் அதைக் கீழே வைக்கவில்லை,
போட்டோவில்கூட இருக்கிறது.

பதினோராவது மாடியில் நீச்சல் குளம்.
எல்லோரும் குளிப்பவர்களைப் பார்த்தார்கள்.
நான் தண்ணீர் மட்டத்தைப் பார்த்தேன்.
இந்தப் பக்கம் ஒரு விரற்கடை ஏறி,
கொஞ்சம் யோசித்து,
அந்தப் பக்கம் ஒரு விரற்கடை ஏறியது.
இரும்பு, கண்ணாடி, ஆர்கெஸ்ட்ரா, பந்தி பந்தியாகச் சாப்பாடு,
எல்லாமே அசைந்துகொண்டிருக்கிறது என்பதை
அது ஒன்றுதான் ஒப்புக்கொண்டது.

அறையைச் சுத்தம் செய்ய வருபவன் ரோமெல்.
துண்டை யானையாக மடித்துப் படுக்கையில் வைப்பான்.
“இத்தனை பாத்ரூமுக்கும் மெயின் லைன் எத்தனை இஞ்சு?”
எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் கேட்டேன்.
சிரித்துக்கொண்டே சுவரைத் தள்ளினான்.
சுவர் திறந்தது.
கைப்பிடி இல்லை, சுவரின் அதே சந்தன நிறம்.
உள்ளே டியூப்லைட், செங்குத்தாய் இரும்புப் படி,
கீழே, அதற்கும் கீழே, தட்டு கழுவுகிற சத்தம்.
அவன் போனதும் சுவர் சுவராகிவிட்டது.

அந்த வியாழக்கிழமையே
தளி தாண்டி ஒரு எஸ்டேட் பங்களாவுக்கு
அளவெடுக்கப் போனேன்.
ரோஜாக் கம்பெனி வாங்கியிருக்கிறது.
வெள்ளைக்காரன் ஒருவன் குதிரை வளர்த்து,
காப்பி போட்டுப் பார்த்து,
பெண்டாட்டியைப் புதைத்துவிட்டுப் போன இடம்
என்றார் வாட்ச்மேன் முனிராஜப்பா.
அவர் பேச்சு பாதி தெலுங்கு, பாதி கன்னடம்,
வசவு மட்டும் தமிழ்.
நடனக் கூடத்தில் டிராக்டர் டயர்கள்.
தெற்கு மதில் நாலு இடத்தில் உடைந்திருந்தது.
“யானை. கேட் திறந்தே கிடந்தாலும்
அது அப்படித்தான் வரும்.”
எனக்குத் துண்டு யானை ஞாபகம் வந்தது.

மாடியில் குளியலறை.
நடுவில் சிங்கக் கால் வைத்த இரும்புத் தொட்டி,
பீங்கான் பூச்சு பொரிந்து கிடந்தது.
குழாய் எங்கே என்று சுவரைத் தட்டித் தேடினேன்.
இருபத்திரண்டு வருஷத் தொழில்,
லைன் இல்லாத தொட்டி பார்த்ததில்லை.
ஒரு இடத்தில் ‘பொள்’ என்றது.
தள்ளினேன்.

வெளியே சுற்றுப்படி, ஒரு ஆள் அகலம்.
குடம் இருந்தால் உடம்பைச் சாய்த்துத்தான் ஏறணும்.
ஒவ்வொரு கல்லும் நடுவில் குழிந்திருந்தது,
குழம்புக்குக் குழி பறித்த களி உருண்டை போல.
நேற்றைய மழை அதில் நின்றது.
குழாய் இருந்திருக்கிறது.
ஏறி இறங்கியிருக்கிறது.
கூலிக்கு நின்றிருக்கிறது.

“கப்பல் எப்படி?” என்றார் முனிராஜப்பா.
“பெருசு.”
“தண்ணி?”
“எந்நேரமும் சுடுதண்ணி.”
அப்படியா என்று டேப்பின் மறுமுனையைப் பிடித்தார்.

கிணற்றிலிருந்து தொட்டி வரை இருநூற்றுப் பத்து அடி.
படிகளை எண்ண வேண்டியதில்லை, எண்ணினேன்.
இருபத்தாறு.
எஸ்டிமேட்டில் அதற்குக் கட்டம் இல்லை,
அட்டையின் பின்பக்கம் குறித்தேன்.

சாயங்காலம் மேனேஜர் போனில் சொன்னார்:
அந்தப் படியை இடித்துவிட்டு
அதே வழியில் பைப்பை ஏற்றிவிடலாமே,
வளைவு கம்மி, பெண்டு மிச்சம்.
தொழில்படி சரிதான்.
சரிதான் சார் என்றும் சொல்லிவிட்டேன்.

எஸ்டிமேட் இன்னும் அனுப்பவில்லை.