சாட்சி ஒரு கையகலம்

மூன்று வளைவு முதுகும் ஒரு குவிமாடமுமாக
ஒட்டகம் மாதிரி மடங்கி உட்கார்ந்திருக்கிறது மாளிகை.
ஆயிரத்து முந்நூறு வருஷமாக எழுந்திருக்கவில்லை.
அப்பால் நெடுஞ்சாலை. எல்லைக்குப் போகும் லாரிகள்.

வெந்நீர் அறையில், சாரத்தின் மேல் மல்லாந்து கிடக்கிறேன்.
பஞ்சு சுற்றிய குச்சி, எச்சில் போன்ற ஒரு கரைசல்
(சில நாள் எச்சிலேதான். வெளியே சொல்ல வேண்டாம்).
ஒரு நாளைக்கு ஒரு கையகலம்.
திங்கட்கிழமை ஒரு கணுக்கால் வந்தது.
செவ்வாய், புதன் வெறும் நீலம்.
வியாழன் அன்று கரடி:
நாற்காலியில் அமர்ந்து மடியில் நரம்பு வாத்தியம் மீட்டுகிறது.
எதிரே குரங்கு கைதட்டுகிறது.
தலைநகரை விட்டு இத்தனை தூரம் வந்து
இளவரசன் எதற்குச் சிரித்தான் என்று
இப்போதுதான் தெரிகிறது.

அவன் முகம் உதிர்ந்துவிட்டது.
சிம்மாசனத்தின் கால் இருக்கிறது,
விசிறி பிடிப்பவன் இருக்கிறான்,
நடுவில் சுண்ணாம்பு.
விடாமல் வீசிக்கொண்டிருக்கிறான் சுண்ணாம்புக்கு.

கூடத்தின் கூரையில்
கல் பிளப்பவன், மரம் இழைப்பவன்,
பாரம் ஏற்ற விடாமல் வாய் பிளந்த ஒட்டகம்.
கட்டியவர்களைக் கட்டடத்திலேயே வரைந்திருக்கிறார்கள்.
கூலி வந்ததா என்று வரையவில்லை.

காவலர் தூகான் தேநீரோடு ஏறி வந்தார்.
ஜாடியில் கறுத்த பஞ்சுகளைப் பார்த்தார்.
"யார் வீட்டுப் புகையை எடுக்கிறீர்கள், தெரியுமா?"

பனி கொட்டிய வருஷமாம். அவருக்கு ஆறு வயது.
கூடாரம் கிழிந்து, ஆடுகள் விறைத்து,
ஏழு குடும்பம் இந்த அறைக்குள்.
எரிக்க முட்செடியும் ஒட்டகச் சாணமும்.
மூன்றாம் இரவு தங்கை வத்ஹா பிறந்தாள்.

"அம்மா மேலே பார்த்துக் கத்தினாள்.
மேலே தேள் இருந்தது. வில்லோடு ஒருவன் இருந்தான்.
தீ அணையக் கூடாதென்று
அப்பா போட்டுக்கொண்டே இருந்தார்.
விடிந்தபோது வானம் மறைந்துவிட்டது.
பிள்ளை இருந்தது."

அந்த வானமே இடம் வலமாக வரைந்த வானம்,
அண்ணாந்து பார்ப்பவர்களுக்காக அல்ல,
மேலிருந்து குனிந்து பார்ப்பவனுக்காக.
அதை நான் அவரிடம் சொல்லவில்லை. தேநீர் ஆறியது.

எங்கள் தொழிலில் ஒரு விதி உண்டு.
துடைத்த சுவரில் ஒரு துண்டைத் துடைக்காமல் விட வேண்டும்,
முன்பு எப்படி இருந்ததென்று சொல்ல.
சாட்சி என்று பெயர்.
வழக்கமாக மூலையில் விடுவோம்,
கேமரா எட்டாத இடமாகப் பார்த்து.

வெள்ளிக்கிழமை வத்ஹா வந்தாள்.
சர்க்கா ஆஸ்பத்திரியில் தாதி. மூன்று பிள்ளைகள்,
ஆளுக்கொரு சிப்ஸ் பொட்டலம்.
செருப்பைக் கழற்றிவிட்டுச் சாரம் ஏறினாள்.
"இங்கேயா?"
"இன்னும் கொஞ்சம் கிழக்கே" என்றார் கீழிருந்து அண்ணன்.
கரியின் மேல் உள்ளங்கையை வைத்தாள்.
எடுத்தாள். முகர்ந்தாள்.
"ஒரு வாசனையும் இல்லையே" என்றாள்,
காசு கொடுத்து ஏமாந்தவள் போல.

அறிக்கையில் எழுதினேன்:
குவிமாடம், தென்கிழக்கு.
சாட்சி, பதினெட்டுக்குப் பத்து சென்டிமீட்டர்.
அடியில் தேளின் கொடுக்கு இருக்கலாம்.
'காரணம்' என்ற கட்டத்தில் பேனாவை வைத்தேன்.
மை ஊறிப் பரவியது.

கீழே பிள்ளைகளில் ஒருவன்
கரடி மாதிரியே உட்கார்ந்து
காலிப் பொட்டலத்தை மீட்டிக்கொண்டிருந்தான்.
மற்ற இருவரும் கைதட்டினார்கள்.