ஜூலை மாத்திரை

மொர்த்தாராவுக்கு மேற்கே
நெல்வயல்களுக்குத் தண்ணீர் திறந்துவிடுவது என் வேலை.
ஏப்ரலில் மதகைத் தூக்கினால்
வானம் இறங்கி வந்து வயலில் படுத்துக்கொள்ளும்.
அந்திக்குள் அதன்மேல் கொசு எழும்.
நான் திறந்த தண்ணீர், நான் வளர்த்த கொசு.
இதை யாரும் என்னிடம் சொல்லவில்லை.
தூக்கம் வராத ஓர் இரவு நானே போட்ட கணக்கு.

பிரீனாவுக்கு வயது நான்கு.
வரப்பில் எனக்கு முன்னால் ஓடி
நாரையைக் கிளப்பிவிட்டுத் திரும்பிப் பார்ப்பாள்,
பறக்கக் கற்றுக்கொடுத்ததே தான்தான் என்பதுபோல.
பிப்ரவரியில் இருமினாள். மீன்முள் என்று நினைத்தேன்.
மார்ச்சில் பாதி வரப்பில் உட்கார்ந்துவிட்டாள்.
நாரை நின்ற இடத்திலேயே நின்றது.

டாக்டர் ஸெலின்தா ஒரு சொட்டு ரத்தம் எடுத்தார்.
"நீங்களே பாருங்கள், அதேல்மோ."
சிவப்பு வட்டங்களுக்கு நடுவே ஒன்று நெளிந்தது,
எல்லாவற்றையும் இடித்துத் தள்ளிக்கொண்டு,
அவசரமே இல்லாமல், வீட்டுக்காரனைப் போல.
"இது குஞ்சு. தாய்ப்புழுக்கள்
இதயத்திலிருந்து நுரையீரலுக்குப் போகும் குழாயில்.
ஸ்பகெட்டி நீளம் இருக்கும்."
அன்றிலிருந்து எங்கள் வீட்டில் மக்ரோனிதான்.

"போன வருஷம் மாத்திரை கொடுத்தீர்களா?"
கொடுத்தேன்.
"எல்லா மாதமும்?"
ஜூலையில் பம்பு எரிந்துபோனது, டாக்டர்.
பம்பு எரிந்தது ஜூனில்.
ஜூலையில் சும்மா மறந்தேன். ஆகஸ்டிலும்.
ஆணிகள் கிடக்கும் இழுப்பறையில்
பெட்டி பிரிக்காமல் கிடந்தது.

முதுகுச் சதையில் ஊசி.
புழு செத்தால் மட்டும் போதாதாம்;
செத்தது துண்டு துண்டாய்ப் போய் அடைக்குமாம்.
அதனால் ஓடக் கூடாது. படியேறக் கூடாது.
வாலாட்டலாமா என்று கேட்டேன்.
டாக்டர் சிரிக்கவில்லை.
அடுக்களை மேசைக்காலில் கட்டிப்போட்டேன்.
வெளியே தவளைகள் கத்தின. அவள் காது மட்டும்
வயலுக்குப் போய்ப் போய் வந்தது.

மேசைக்கு அடியில் கூடவே ஒந்தீனா, என் மகள், ஆறு வயது.
ஒரே பிஸ்கட்டை இருவரும் மாறி மாறிக் கடிப்பார்கள்.
அதைச் சொன்னபோதுதான் டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார்.
சாணத்தில் உருளைப்புழு முட்டையும் இருந்ததாம்.
மண்ணில் வருஷக்கணக்கில் காத்திருக்கும்,
நகக்கண்ணில் ஏறும்,
எங்கோ ஒரு பிள்ளைக்குக் கண்வரை போயிருக்கிறது.
"அதே மாத்திரைதான் இதற்கும்" என்றார்.
இதயத்துக்கென்று வாங்கிய பூட்டு
பிள்ளை விளையாடும் கொல்லைக்கும் சேர்த்துத்தான்.
எனக்கு ஏன் அது முன்பே தெரியவில்லை?
பெட்டியில் எழுதியிருந்தது. சின்ன எழுத்து.

இப்போது விடிந்ததும் மண்வெட்டியோடு கொல்லையில் நிற்கிறேன்.
ஞாயிறுதோறும் நகம் வெட்டு, அழுகையோடு.
பக்கத்துப் பண்ணை தத்தேயோ வேலிக்கு மேலே எட்டிப் பார்த்து
"பூண்டு கொடு, போதும்" என்கிறான்.
அவனுடைய வேட்டைநாய் லாம்போ
வயதாகித்தான் செத்தது என்பான்.
லாம்போவுக்கு அப்போது ஐந்து.

ஜூலை ஒன்று.
நாட்காட்டியில் ஒந்தீனா ஒரு புழு வரைந்து
அதற்குக் கண்ணும் சிரிப்பும் வைத்து
மேலே சிவப்பில் அடித்திருக்கிறாள்.
மாத்திரையைப் பாலாடைக்கட்டியில் புதைத்து நீட்டினேன்.
பாலாடைக்கட்டியைத் தின்றுவிட்டு
மாத்திரையை என் செருப்பில் துப்பினாள் பிரீனா, சுத்தமாக.
மறுபடியும். மறுபடியும் செருப்பில்.
மூன்றாம் தடவை விழுங்கினாள்.
தொண்டையைத் தடவிக்கொண்டே இருந்தேன்,
விழுங்கிய பிறகும்.