செவ்வாய்தோறும்

செக்காலை ரோட்டில்
எவர்சில்வர் கடைக்கு மேலே பதினேழு படி.
ஒன்பதாவது உடைந்திருக்கும்.
பதினோரு மாதம் ஏறியதில்
கால் தானாகவே அதைத் தாண்டக் கற்றுக்கொண்டது.

செவ்வாய் வெறுவாய் என்பாள் அம்மா.
ரைஸ்மில்லில் எனக்கு விடுப்பு அன்றைக்குத்தான்.
மற்ற நாளெல்லாம் புதுவயலில் எடைச்சீட்டு எழுதுவேன்:
மூட்டை, லாரி நம்பர், கழிவு.
டயாலிசிஸ் டிப்ளமோ
பீரோவில், பிளாஸ்டிக் உறைக்குள்.

அனுபவம் உண்டா என்றார்கள் மதுரையில்.
அனுபவம் இல்லையே என்றார்கள் புதுக்கோட்டையில்.
திருச்சியில் எதுவும் கேட்காமல் டீ கொடுத்தார்கள்.
அந்த டீயிலேயே தெரிந்துவிட்டது.
நீச்சல் தெரிந்தவரைத்தான் குளத்தில் இறக்குவோம் என்றால்
ஊரில் எவருக்கு நீச்சல் வரும்?
கேட்க நினைத்தேன்.
கேட்காமல் பஸ் ஏறினேன், மூன்று தடவையும்.

ஏஜென்சி சகாயராணி
ஆறுதல் சொல்கிற ஆளில்லை.
"போட்டோல சிரிக்கிறே, மாத்து.
பயிற்சில எத்தனை பேருக்கு ஊசி ஏத்துனே?
நிறையங்காதே. நம்பர் எழுது."
பழைய நோட்டைப் புரட்டி எண்ணினேன்.
நூற்றுப் பன்னிரண்டு பேர்.
அதுவரை அவர்களை நான் எண்ணியதே இல்லை.

வேலை கிடைத்தால் முதல் சம்பளத்தில் பாதி அவளுக்கு.
"புரோக்கரு" என்றார் அப்பா.
அந்த ஒரு சொல்லில்
மாடு, மனை, மாப்பிள்ளை மூன்றும் இருந்தன.
சித்தப்பா சிங்கப்பூரில் வீட்டுவேலை இருப்பதாகச் சொன்னார்,
கழுவித் துடைக்க டிப்ளமோ வேண்டாமாம்.

எதற்கு இந்த வேலையே வேண்டும் என்று
நானே என்னைக் கேட்ட செவ்வாயும் உண்டு.
பயிற்சியின் இரண்டாம் நாள்
ஒருவர் முழங்கையில் விரல் வைக்கச் சொன்னார்கள்,
தமனியும் சிரையும் சேர்த்துத் தைத்த இடம்.
உள்ளே ரத்தம் உறுமியது.
மோட்டார் ஓடும்போது மில் சுவரில் கை வைத்தால் வருமே,
அதே அதிர்வு.
அன்று ராத்திரி சோறு பிசையும்போதும்
விரலில் அது இருந்தது.
இதை எந்த நேர்காணலில் சொல்ல முடியும்?

ஐப்பசி மழை. இரவு பத்தே முக்கால்.
"கோகிலவாணி, தேவகோட்டையில ஒரு பொண்ணுக்கு
நாள் இருக்கவே வலி எடுத்துருச்சு.
காலைல ஆறு மணி ஷிப்ட். பதினஞ்சே நாள்.
பதினோரு பேரு மாட்டேன்னுட்டாங்க.
நீ பன்னண்டாவது."
பொய்யாக ஒரு வார்த்தை
அவள் சேர்த்திருக்கலாம். சேர்க்கவில்லை.

அந்த நேரத்துக்குப் பஸ் ஏது?
விடியுமுன் தவிட்டு லோடு ஒன்று அந்தப் பக்கம் போனது.
முதல் நாள் சீட்டெழுதிய லாரி, நம்பர் மனப்பாடம்.
டிரைவர் மலைக்கண்ணு துண்டால் சீட்டைத் துடைத்துக் கொடுத்தார்.
தலையில் தவிட்டோடுதான்
வேலையில் சேர்ந்தேன்.

பதினைந்து முப்பதானது.
அந்தப் பெண் குழந்தையோடு கோயம்புத்தூர் போய்விட்டாள்.
தை மாதம் ஆர்டர் வந்தது,
என் பெயரில் ஒரு எழுத்து தப்பாக.
பாதிச் சம்பளத்தை எண்ணி மேசையில் வைத்தேன்.
சகாயராணி மறுபடி எண்ணினாள்,
ரசீது கிழித்தாள்,
"அடுத்து யாரும்மா?" என்றாள்.

விடாமுயற்சி என்றார்கள் வீட்டில்.
சித்தப்பா போனில் இரண்டு தடவை சொன்னார்.
நானும் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தேன்,
மூன்றாம் நம்பர் படுக்கைக்காரரைப் பார்க்கும்வரை.
கண்டனூர்க்காரர். சைக்கிள் கடை.
செவ்வாய், வியாழன், சனி.
ஆறு வருஷமாக.
ஆர்டர் எதுவும் வரப்போவதில்லை அவருக்கு.

வந்ததும் செருப்பை ஓரமாக விடுவார்,
எடை பார்ப்பார்,
ஏசி ஜில்லென்று இருக்கிறது என்று திட்டுவார்.
பிறகு கையை நீட்டுவார்.
நான் விரல் வைப்பேன்.

"ஓடுதா?"

"ஓடுதுங்க."