தற்காலிக இறக்குமதி

கொழும்பிலிருந்து தபாலில் வந்த ஃபாரத்தில்
காரைப் பற்றிப் பதினெட்டுக் கேள்விகள்.
இன்ஜின் நம்பர், சேசிஸ் நம்பர்,
வெறும் வண்டியின் எடை,
ரேடியோ உண்டா, உபரி டயர் எத்தனை,
சீட்டுறையின் நிறம்.

சாம்பல் என்று எழுதினேன்.
பின்சீட்டில் இடது பக்கம் மட்டும் பழுப்பு.
டெவன் வளைவில் மண் சரிந்து ரோடு மூடிய ராத்திரி
வசந்தமல்லியின் இரண்டாவது பையன் அங்கேதான் பிறந்தான்.
டார்ச்சை அவள் புருஷன் பிடித்திருந்தான்,
வெளிச்சம் கூரைக்கும் கண்ணாடிக்கும் தாவிக்கொண்டே இருந்தது.
அதை எழுத ஃபாரத்தில் கட்டம் இல்லை.

முப்பத்தொரு வருஷம் மிட்வைஃப் வேலை,
பதினாறு வருஷம் இந்த மாருதியோடு.
பென்ஷன் வந்த மாதமே சொல்லிவிட்டேன்,
இதிலேயே கோத்தகிரி வரை போகிறேன்.
தங்கச்சி மகன் சிரித்தான்.
"பிளேன்ல போங்க பெரியம்மா, அங்க டாக்சி இருக்கு."
இருக்கும்.

பியரத்ன பாஸ் காருக்கு அடியில் படுத்துக்கொண்டே பேசுவார்.
அவர் செருப்பைப் பார்த்து நான் பதில் சொல்வேன்.
"பிரேக் நல்லம் மிஸ்ஸி. கிளட்ச் மாத்தியாச்சி.
நாலாவது கியர்தான்..."
"என்ன அதுக்கு?"
"புதுசு மாதிரியே இருக்கி."

உண்மைதான். ஹட்டனுக்கும் நுவரெலியாவுக்கும் நடுவில்
நாலாவது கியருக்கு என்ன வேலை?
எனக்கும் தெரிந்தது இவ்வளவுதான்:
ஹாரன் அடி, இரண்டாவதுக்கு இறங்கு,
பஸ் வந்தால் மண்திட்டோடு ஒட்டிக்கொள்.
மணிக்கணக்காக ஸ்டீயரிங்கைத் திருப்பாமல்
கையை என்ன செய்வார்கள்?

பிறகு புத்தகம் வந்தது. கார்னே என்று பெயர்.
ஒவ்வொரு தாளிலும் மூன்று துண்டு:
உள்ளே போவதற்கு ஒன்று,
வெளியே வருவதற்கு ஒன்று,
மிச்சம் புத்தகத்தோடு நிற்கும்.
ஒரு வருஷத்துக்குள் கார் திரும்பாவிட்டால்
பேங்கில் கட்டிய காசு போச்சு,
அதாவது என் அட்டியலும் நாலு வளையலும்.

எழுபத்து நாலில் பெரியப்பா வீட்டுக்கு வந்த தாளில்
திரும்பும் துண்டு இல்லை.
ஏழு பேர், ஒரு ட்ரங்குப் பெட்டி, தலைமன்னார் ரயில்.
ஒருத்தரும் பார்த்திராத ஊருக்குத்
திரும்பிப் போகிறார்கள் என்றார்கள்.
அங்க அடையாளம் என்ற இடத்தில்
பெரியப்பாவுக்கு இடது புருவத்தில் தழும்பு,
சிந்தாமணிக்கு ஒரு கோடு.
மூன்றாம் வகுப்பில் என் பக்கத்து இடம்
ஒரு வாரம் காலியாகக் கிடந்தது.
அப்புறம் டீச்சர் அதில் தன் குடையை வைத்தார்.

மாருதிக்கு அந்த நாடுதான் பிறந்த வீடு,
தகட்டில் அச்சடித்திருக்கிறது.
ஆனாலும் தூத்துக்குடியில் இறங்கியதும்
தற்காலிக இறக்குமதி என்று சீல் விழும்.
இதை நான் அதனிடம் சொல்லவில்லை.

பின்னால் ஒட்ட ஸ்டிக்கர் வேண்டும்.
நஸ்ருள்ளா கடையில் வெட்டினார்கள்,
வெள்ளை நீள்வட்டத்தில் கறுப்பாக சி.எல்.
"சிலோனா? பேர் மாத்தி எவ்வளவு காலம்!"
"உலகக் கணக்கில் காருக்கு இன்னும் பழைய பேர்தான் நானா."
கோத்தகிரியில் சிந்தாமணியையும்
இன்னும் சிலோன்காரி என்றுதான் கூப்பிடுகிறார்களாம்.
அவளுக்கும் ஒன்று வெட்டச் சொன்னேன்.

கப்பலில் ஏற்ற கார் காலியாக இருக்க வேண்டும்.
கால் டாங்குக்கு மேல் பெட்ரோல் கூடாது.
நேற்று சாயந்திரம் எல்லாவற்றையும் வெளியே எடுத்தேன்:
இரண்டு குடை, கையுறைப் பெட்டி,
தொப்புள் கொடிக்குப் போடும் கிளிப் ஒன்று,
யாருடையதென்று தெரியாத ஒரு குழந்தைச் சாக்ஸ்.
சாக்ஸை மட்டும் திரும்ப வைத்துவிட்டேன்.
சுங்கத்துக்காரன் கேட்டால் பார்த்துக்கொள்ளலாம்.

ராத்திரி சிந்தாமணி போன் எடுத்தாள்.
நேர் ரோட்டைப் பற்றிய பயத்தைச் சொன்னேன்.
"மேட்டுப்பாளையம் வரைக்கும்தாண்டி அது.
அதுக்கு மேல இங்கயும் வளைவுதான்.
நம்பர் போட்டு வச்சிருக்கான், எண்ணிக்கிட்டே வா."

தூக்கம் வரவில்லை. ஷெட்டுக்குப் போய் உட்கார்ந்தேன்.
தகரத்தில் மழை.
இன்ஜினைப் போடாமலே
கிளட்சை மிதித்து நாலாவதுக்குத் தள்ளிப் பார்த்தேன்.
லேசாக விழுந்தது.